கழுத்து நோவுக்குப் பிசியோவில் கப்பிங் செய்யச் சொல்கிறார்கள், செய்யலாமா? (திருகோணமலை)

உப்புவெளி_தையல்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. உப்புவெளியில் வீட்டிலேயே மெசின் போட்டு 16 வருடமாகத் தைக்கிறேன். தைப்பொங்கலுக்கு முன்பு பள்ளிக்கூடச் சீருடை ஓடர்கள் குவிந்த நேரத்தில் வலது பக்கக் கழுத்தில் ஒரு நோ தொடங்கியது, இப்போது நாலு மாதம் தாண்டிவிட்டது. பிடரியில் தொடங்கித் தோள்மூட்டு வரை ஒரு கயிற்றை முறுக்கிக் கட்டி வைத்த மாதிரி இருக்கிறது. ஸ்கூட்டியில் போகும்போது பின்னால் வாகனம் வருகிறதா என்று பார்க்க முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய பயம்.

பனடோல் போட்டேன், சித்தாலேப பூசினேன். அம்மா சொன்னார் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றிக்கொண்டு வந்தேன், அன்றைக்கு இரவு நல்ல நித்திரை, அடுத்த நாள் மெசினில் இருந்தால் திரும்பவும் அதேதான். எக்ஸ்ரே எடுத்ததில் கழுத்தெலும்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்றார்கள்.

இப்போது தனியார் பிசியோ ஒருவரிடம் போனேன். பிசியோவோடு சேர்த்துக் கப்பிங் (கிண்ணம் மாதிரிக் கப்பை வைத்துத் தோலை உறிஞ்சி இழுப்பது) ஆறு தடவை செய்ய வேண்டும், ஒரு தடவைக்கு 3,000 ரூபா என்றார். பக்கத்து வீட்டு அக்கா முதுகில் அதைச் செய்துவிட்டு வந்தபோது பார்த்தேன், கறுப்பும் ஊதாவுமாக வட்டம் வட்டமாக இருந்தது, எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனால் அவவுக்குச் சுகம் என்கிறா. 18,000 ரூபா எனக்குச் சின்னக் காசு இல்லை. கழுத்தில் செய்வது ஆபத்தில்லையா? உண்மையிலேயே நோ போகுமா, அல்லது கன்னியாத் தண்ணீர் மாதிரி அன்றைக்கு மட்டும்தானா? செய்தவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா_லொறி

தங்கச்சி, நான் மீன் லொறி ஓட்டுகிறவன். கிண்ணியாவிலிருந்து தம்புள்ளைக்குப் போகும்போது ஹபரணை வருவதற்கு முதலே கழுத்து இறுகிப் பலகை மாதிரி ஆகிவிடும். எங்களிடம் ஹிஜாமா என்று சொல்வது நீங்கள் கேட்கிறதன் இன்னொரு வகை, அதில் தோலை மெல்லியதாகக் கீறி இரத்தமும் எடுப்பார்கள். நான் வருடத்தில் ஒன்றிரண்டு தடவை பிறை 17, 19, 21 பார்த்து எடுப்பேன். அது என் மார்க்கம் சார்ந்த விஷயம், அதை வைத்து உங்களுக்கு வைத்தியம் சொல்ல மாட்டேன்.

கழுத்து நோவுக்கு என்று போனது போன வருடம். அது இரத்தம் எடுக்காமல் வெறும் கப் மட்டும். உண்மையைச் சொல்கிறேன், எழும்பி வரும்போது தோளிலிருந்து ஒரு ஐஸ் பெட்டியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மூன்று நாள், நாலு நாள் அப்படியே சொர்க்கம். ஐந்தாவது நாள் லொறியில் ஏறினேன், பழைய நோ வந்து பக்கத்தில் இருந்துகொண்டது. இப்படி நாலு தடவை செய்தேன். பிறகு ஒரு பிசியோதான் கேட்டார், உங்கள் சீற்றை ஒரு தடவையாவது சரிபண்ணிப் பார்த்தீர்களா என்று. சீற்றை முன்னுக்கு இழுத்து முதுகை நிமிர்த்தி, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கி, அவர் சொல்லித்தந்த பயிற்சியையும் செய்தேன். அப்புறம்தான் குறைந்தது. அதற்காகக் கப்பிங் சும்மா என்று சொல்ல மாட்டேன். அது வேலை செய்த அந்த மூன்று நாளில் நான் பயிற்சியைத் தொடங்கியிருந்தால் நாலு தடவைக் காசு மிஞ்சியிருக்கும்.

பிசியோ_திருமலை

அக்கா, நான் 11 வருடமாகப் பிசியோவாக வேலை செய்கிறேன், கப்பும் வைக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்தையும் நேராகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

கப் என்ன செய்கிறது என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கையால் உருவும்போது தசையைக் கீழே அழுத்துகிறோம், கப் அதற்கு நேரெதிராகத் தோலையும் அதற்குக் கீழே இருக்கிற மெல்லிய சவ்வையும் மேலே இழுக்கிறது. இரத்தம் அந்த இடத்துக்கு ஓடிவருகிறது, தோலுக்குக் கீழே உள்ள மிகச் சின்ன இரத்தக்குழாய்கள் சில கசிகின்றன, நீங்கள் பக்கத்து வீட்டில் பார்த்த ஊதா வட்டம் அதுதான். சிலர் அதைக் காட்டி “உள்ளே இருந்த நச்சு வெளியே வந்துவிட்டது, கறுப்பாக இருந்தால் அவ்வளவு நச்சு” என்று சொல்வார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அது வெறும் கன்றல், மேசையில் இடித்தால் வருகிறதே, அதே வகை. சிலருக்கு நாலு நாளில் போகும், சிலருக்கு இரண்டு கிழமை கிடக்கும். அடையாளம் அழுத்தமாக விழுந்தால் வைத்தியம் நன்றாக நடந்தது என்றும் அர்த்தமில்லை, நான் லேசான இழுவையில்தான் தொடங்குவேன், பலருக்கு அடையாளமே விழாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் பெல்ப்ஸ் தோளில் அந்த வட்டங்களோடு நீந்தினார், அதன் பிறகு இங்கேயும் இளம் பிள்ளைகள் வந்து “அடையாளம் வருகிற மாதிரி வையுங்கள்” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

நோ குறையுமா என்று கேட்டீர்கள். குறையும், பலருக்குக் கொஞ்ச நாளுக்குக் குறையும். 2018ல் கழுத்து நோவுக்கான கப்பிங் ஆய்வுகள் 18ஐச் சேர்த்து வைத்து ஒரு மீளாய்வு செய்தார்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களை விடக் கப்பிங் செய்தவர்களுக்கு நோ குறைந்திருந்தது, ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் பெரிதாக நம்பிக்கை வைக்கிற அளவில் இல்லை. கப் வைத்ததா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரிந்துவிடும், மறைக்க முடியாது, அதனால் மனம் தருகிற ஆறுதல் எவ்வளவு, கப் தருகிறது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். 2013ல் ஜெர்மனியில் நாட்பட்ட கழுத்து நோ உள்ள 61 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வீட்டிலேயே எண்ணெய் பூசிக் கப்பை நகர்த்தும் முறையையும் மற்றப் பகுதிக்குத் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும் 12 கிழமை செய்ய வைத்தார்கள். நோ குறைந்ததில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. இது எனக்கு முக்கியமாகப்படுகிறது, ஏனென்றால் இரண்டாவது பகுதியினர் செய்தது ஒரு சதமும் செலவில்லாத வேலை.

அப்படியென்றால் நான் ஏன் வைக்கிறேன்? நோவுக்குப் பயந்து கழுத்தைத் திருப்பாமலே பழகிப்போனவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஸ்கூட்டிக் கதையும் அதுதான். அவர்களுக்குத் தோள்மேல் தசையில் இரண்டு மூன்று சிலிக்கோன் கப்பை வைத்துவிட்டு, கப் இருக்கும்போதே மெதுவாகத் தலையை இடமும் வலமும் திருப்பச் சொல்வேன். “அட, திரும்புகிறதே” என்று அவர்களே சொல்வார்கள். கப்பை எடுத்தவுடனே, அந்த இளக்கம் போவதற்கு முதல் பயிற்சி தொடங்கிவிட வேண்டும். கிண்ணியா நானா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கப்பை வைத்துவிட்டு 10 நிமிடம் ஆளைக் கட்டிலில் விட்டுவிட்டுப் போய், வந்து கப்பைக் கழற்றிக் காசை வாங்கி அனுப்புகிற இடம் என்றால் அங்கே ஆறு தடவைக்குப் போகாதீர்கள். வைப்பதற்கு முதல் கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும், வைத்த பிறகும் பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று தடவையில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் நான் அதை விட்டுவிடுவேன். ஆறு தடவை என்று முதல் நாளே சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கழுத்தில் ஆபத்தா? இடத்தைப் பொறுத்தது. கழுத்தின் முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் வைக்கவே கூடாது, மூளைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் அங்கேதான் ஓடுகிறது. முள்ளந்தண்டு எலும்புக்கு நேர்மேலேயும் வைக்கக் கூடாது. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற சதைப்பற்றான இடம், தோள்பட்டை எலும்பின் மேல் மூலை, இவைதான் இடம். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்கள், இரத்தப்போக்கு வருத்தம் உள்ளவர்கள், தோலில் புண், கிரந்தி உள்ளவர்கள் வேண்டாம். சீனி வருத்தம் இருந்தால் கட்டாயம் முதலே சொல்ல வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தாலும் அப்படித்தான். இரத்தம் எடுக்கிற வகை என்றால் கத்தி, கப் எல்லாம் உங்களுக்கு முன்னால் புதிதாக உடைத்து எடுத்தால் மட்டும் சம்மதியுங்கள், மஞ்சட்காமாலைக் கிருமி ஒரே பிளேட்டில் ஆளுக்கு ஆள் தொற்றும்.

எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 40 தாண்டிய, ஒரு நோவும் இல்லாத பலருக்கும் எடுத்துப் பார்த்தால் அந்தத் தேய்வு இருக்கும்.

இன்றைக்கே தொடங்கக்கூடியது இதுதான். மல்லாக்கப் படுங்கள், தலைக்குக் கீழே மடித்த துவாய் ஒன்று போதும். தலையைத் தூக்காமல், “ஓம்” என்று சின்னதாகத் தலையாட்டுவது போல நாடியை உள்ளுக்கு இழுங்கள். 10 வினாடி பிடியுங்கள், 10 தடவை. கழுத்தின் முன்னால் இரண்டு கயிறு மாதிரித் தசை இருக்கிறது, விரலை வைத்துப் பாருங்கள், அது புடைத்து இறுகினால் நீங்கள் கூடுதலாக முயற்சி செய்கிறீர்கள், பாதியாகக் குறையுங்கள். வேலை செய்ய வேண்டியது அதற்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிற தசை. பார்க்க ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும், அதனாலேயே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. கையில் விறைப்பு, ஊசி குத்துகிற மாதிரி, பலம் குறைந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா? காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவது, நடையில் தடுமாற்றம்? இதற்குப் பதில் சொல்லாமல் யாரிடமும் கப் வைக்கப் போகாதீர்கள்.

நிலாவெளி_மகள்

பிசியோ சொன்ன சீனி வருத்த விஷயத்தை யாரும் கடந்து போகாமல் இருக்க என் அப்பாவின் கதையைச் சொல்கிறேன். அப்பாவுக்கு 67, சீனி வருத்தம், இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்கிற குளோபிடோகிரல் குளிசையும் எடுக்கிறார். எங்களுக்குச் சொல்லாமல் தெரிந்த ஒருவரிடம் போய், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து நெருப்புக் காட்டி வைக்கிற கண்ணாடிக் கப்பைத் தோளில் வைத்திருக்கிறார். என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று அந்த ஆள் கேட்கவே இல்லை. கப்பின் விளிம்பு சூடாக இருந்திருக்கிறது, அப்பாவுக்குத் தோலில் உணர்ச்சி குறைவு என்பதால் சுட்டதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றும்போது கொப்புளம். அது உடைந்து புண்ணாகி ஆற ஆறு கிழமை. ஒவ்வொரு நாளும் மருந்து கட்ட ஆட்டோ பிடித்துக்கொண்டு போனோம், அம்மா அந்த ஆறு கிழமையும் சரியாகச் சாப்பிடவில்லை.

கப்பிங் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நெருப்பு வைக்கிறதா, பம்ப் வைக்கிறதா என்று கேளுங்கள். கையால் இழுக்கிற பம்ப் கப்பும் சிலிக்கோன் கப்பும் இருக்கும்போது கழுத்துப் பக்கம் நெருப்பு எதற்கு? செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பிசியோவா என்று கேட்க வெட்கப்படாதீர்கள், நாங்கள் வெட்கப்பட்டுத்தான் இந்த நிலை வந்தது.

கோணேசபுரி_சித்தா

அக்கா, நான் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். எங்கள் புற மருத்துவ முறைகள் 32ல் கப்பிங் மாதிரியான உறிஞ்சலும் ஒன்று, அட்டை விடலும் குருதி வாங்கலும் தனித்தனியாக இருக்கின்றன. அதே பட்டியலில் ஒற்றடமும் தொக்கணமும் (உடம்பைப் பிடித்து உருவுவது) உண்டு. உங்களுக்குக் கன்னியாத் தண்ணீர் ஊற்றி ஒரு இரவு இளகியது என்றால் சூட்டுக்கு உங்கள் தசை இசைந்து கொடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவு தூரம் போகாமல் வீட்டிலேயே உப்பு வறுத்துத் துணியில் கட்டி, கையில் தொட்டுச் சூடு பார்த்து, பின்னேரம் 15 நிமிடம் ஒற்றடம் கொடுத்துவிட்டுப் பிசியோ சொன்ன பயிற்சியைச் செய்யுங்கள். கப் செய்யப் போகிற வேலையில் ஒரு பகுதியை அது செய்துவிடும்.

உப்புவெளி_தையல்

எல்லாருக்கும் நன்றி, நிலாவெளி மகளின் அப்பா கதையை வாசித்து அழுகை வந்தது. எனக்குச் சீனி இல்லை, பிரஷர் குளிசை மட்டும்.

பிசியோ கேட்டதற்குப் பதில். வலது கையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் விறைக்கிறது, இரண்டு மாதமாக. கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து வருகிறது என்று நினைத்து யாருக்கும் சொல்லவில்லை, கப்பிங் சொன்ன இடத்திலும் கேட்கவில்லை. இரவில்தான் கூட, நடுச்சாமத்தில் எழும்பிக் கையை உதறினால் சரியாகும். இது கழுத்திலிருந்து வருகிறதா?

பிசியோ_திருமலை

அக்கா, சொன்னது நல்லது. இரண்டு இடத்திலிருந்து வரலாம். கழுத்தில் ஆறாவது, ஏழாவது நரம்பு வேர் நெருக்கப்பட்டாலும் இதே விரல்கள் விறைக்கும், மணிக்கட்டில் நடுநரம்பு நெருக்கப்பட்டாலும் இதே விரல்கள்தான். நடுச்சாமத்தில் எழும்பி உதறினால் சரியாகிறது என்பது மணிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டுகிறது, தையல்காரருக்கு அது அடிக்கடி வருகிறதும்கூட. ஆனால் எழுத்தில் வாசித்துவிட்டு முடிவு சொல்கிற விஷயமில்லை இது. ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டித் துண்டு எழுதி வாங்கினால் அரசாங்க ஆஸ்பத்திரிப் பிசியோவில் காசில்லாமல் பார்ப்பார்கள். கழுத்தைச் சரித்து அழுத்திப் பார்ப்பது, முழங்கையில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, கைப்பலம் பார்ப்பது, மணிக்கட்டை மடக்கிப் பார்ப்பது, இவ்வளவுக்கும் அரை மணித்தியாலம் போதும். அதுவரை கப் வேண்டாம். அது நரம்பு நெருக்கத்தை எடுக்காது, ஆனால் தோள் இளகியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள், எனக்கு அந்தப் பயம்தான். கை பலம் குறைந்து சாமான் நழுவத் தொடங்கினால் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

உப்புவெளி_தையல்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், கழுத்து நரம்பில் பிரச்சினை தெரியவில்லை, விறைப்பு மணிக்கட்டிலிருந்து வருகிறது என்று இரவுக்குக் கட்டிக்கொண்டு படுக்க ஒரு பட்டி தந்தார்கள். மூன்று இரவாக எழும்பாமல் படுக்கிறேன். கழுத்து தனி, அது தசைப் பிடிப்பு என்றார்கள். அந்தத் தலையாட்டுகிற பயிற்சியைக் காலையும் இரவும் செய்கிறேன், முதல் கிழமை ஒன்றுமே நடக்காத மாதிரித்தான் இருந்தது. அங்கேயே பிசியோ இரண்டு தடவை சிலிக்கோன் கப்பும் வைத்து, வைத்தபடியே கழுத்தைத் திருப்பச் சொன்னா. அடையாளம் லேசான சிவப்புத்தான், அடுத்த நாளே போய்விட்டது. நோ முழுக்கப் போகவில்லை, ஆனால் நேற்று ஸ்கூட்டியில் போகும்போது தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

மெசின் மேசையை உயர்த்தி, என் பக்கம் கொஞ்சம் சரித்து வைக்கவும் சொன்னா, குனிகிறது குறையுமாம். பலகைத் துண்டு வைத்துப் பார்த்தேன், சாட்டின் துணி மடிக்கு வழுக்கிக்கொண்டு வருகிறது. இங்கே தைக்கிறவர்கள் யாராவது இருந்தால் எவ்வளவு சரிக்கலாம் என்று சொல்லுங்கள்.

மூதூர்_டெயிலர்

நானும் அப்படித்தான் தைக்கிறேன் அக்கா. பின் கால் இரண்டுக்கும் கீழே இரண்டு விரல் தடிப்புப் பலகை, அதற்கு மேல் வேண்டாம், மேசை ஆடாமல் பலகையில் கால் பதிய ஒரு குழி வெட்டுங்கள். முன் விளிம்பில் பழைய வெல்வெட் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள், சாட்டின் அதில் பிடித்து நிற்கும். கதிரையைப் பதிக்காதீர்கள், நான் முதலில் அந்தப் பிழையைத்தான் விட்டேன், பிறகு இடுப்பு நோ வந்தது.